பசார் மாலாம் பெட்டி கண்ணை மூடிவிட்டது. இனி என்ன வாங்குவது?

செம்மண்சாலை:
மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எட்டு மாதங்களுக்கு முன் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் 280 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து அம்மாவுக்கு, இணையம் வழியே தொலைக்காட்சி காட்டும் ஓர் ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கினேன். தமிழ் அலைவரிசைகள் எல்லாம் வரும், வாழ்நாள் முழுவதும் கட்டணம் இல்லை என்றார் விற்றவர். யாருடைய வாழ்நாள் என்று நான் கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை இரவு, நாடகத்தில் மருமகள் பீரோவைத் திறக்கும் நேரம் பார்த்துப் படம் உறைந்தது. அதோடு சரி. விற்றவர் கடை போட்டிருந்த இடத்தில் இப்போது அப்பம் பாலிக் சுடுகிறார்கள்.

அம்மா 31 ஆண்டு தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். முழங்கால் போய்விட்டது, தொலைக்காட்சிதான் துணை. மாதாமாதம் பணம் கட்டி மறுபடியும் டிஷ் வைப்பதா, இன்னொரு பெட்டி வாங்குவதா? அக்காள் கணவரிடம் கேட்டால், "திருட்டுப் பொருள் தொலைந்ததற்கு ஒப்பாரியா?" என்று சிரிக்கிறார். இது திருட்டா? மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள்.

ஒட்டுக்கடை:
தம்பி, உங்கள் அத்தானைக் கொஞ்சம் தோட்டத்துப் பக்கம் வரச் சொல்லுங்கள். திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய காலத்தில், பட்டணத்தில் ஓடித் தேய்ந்த படச்சுருள்தான் எங்களுக்கு வந்தது. நாதஸ்வரம் வாசிக்கும் காட்சியில் பாதிப் பாட்டைக் காணோம். பிறகு வீடியோ நாடா, பிறகு அதே பசார் மாலாமில் விசிடி. அப்போதெல்லாம் யாரும் திருடன் என்று சொல்லவில்லை. இப்போது என்ன புதிதாக?

டிஷ் வைத்தால் எண்பது அலைவரிசைக்குக் காசு கட்ட வேண்டும். அம்மா பார்ப்பது இரண்டு. வானம் கறுத்தால் அந்த இரண்டும் போய்விடும். என் கடையில் பெட்டிதான் ஓடுகிறது. ஒளித்து வைக்கவில்லை, கல்லாவுக்கு மேலேயே மாட்டியிருக்கிறேன்.

ஒலிக்கூடக்காரி:
அண்ணா, நான் கோலாலம்பூரில் உள்ளூர்த் தமிழ் நாடகங்களுக்கு ஒலி சேர்க்கும் வேலை செய்கிறேன். பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், ஆகவே தோட்டக் கதையை எனக்குச் சொல்ல வேண்டாம். சென்ற ஆண்டு ஒரு நாடகத்துக்காக உளி பட்டையைச் சீவும் சத்தம் தேவைப்பட்டது. ஆறு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒலிவாங்கியோடு பால்மரத்தடியில் நின்றேன். இருந்த ஒன்றிரண்டு ரப்பர்த் தோட்டமும் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆகிவிட்டதால் அந்த மரத்தைக் கண்டுபிடிக்கவே அலைந்தோம். கொசுக்கடி, நாய் குரைப்பு, சாலையில் லாரி. நல்லதாகக் கிடைத்தது நாற்பது விநாடி.

ஒளிபரப்பான மூன்றாம் நாள் அது பெட்டியில் வந்துவிட்டது. ஒலி தகரக் குவளைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. கடைசியில் பெயர்கள் ஓடும் பகுதியை வெட்டி எறிந்திருந்தார்கள். சம்பளம் போனால் போகட்டும், என் பெயரை வெட்டியவனுக்கு நான் என்ன பாவம் செய்தேன்? கடையில் மாட்டியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தில் 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். படித்துப் பாருங்கள்.

மின்கம்பி:
அக்கா, பயமுறுத்துவதானாலும் சரியாகப் பயமுறுத்த வேண்டும். அந்தப் பிரிவு குறிவைப்பது இப்படிப்பட்ட பெட்டியைச் செய்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவர், விநியோகிப்பவர், சேவை தருபவர் ஆகியோரை. வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் அம்மாவை அல்ல. கடைச் சுவரில் மாட்டிப் பத்துப் பேருக்குக் காட்டும் அண்ணாதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெட்டி தனியே எடுத்தால் குற்றமில்லாத பொருள். உள்ளே திணித்திருக்கும் செயலிதான் வில்லங்கம். அது எங்கோ ஒரு வழங்கியிலிருந்து (சர்வரிலிருந்து) படத்தை இழுக்கிறது. அந்த வழங்கியை யாராவது அணைத்தால் உங்கள் 280 வெள்ளி சோப்புப் பெட்டி. செம்மண்சாலைக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அறத்தைவிட இதுதான் கவலை: 2023-இல் டி95 என்ற மலிவுப் பெட்டியை ஆராய்ந்தபோது, உறையைப் பிரிக்கும்போதே உள்ளே தீநிரல் (தகவல் திருடக்கூடிய கெட்ட மென்பொருள்) இருந்தது தெரியவந்தது. அதே வைஃபையில்தான் நீங்கள் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள்.

மழைக்கும் காரணம் உண்டு. இங்கே டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். கனத்த மழைத்துளிகள் அந்த அளவு அலையை நன்றாக உறிஞ்சிச் சிதறடித்துவிடும். எந்த நிறுவனத்தின் டிஷ்ஷாக இருந்தாலும் பேராக் மழைக்கு முன் ஒன்றுதான்.

ஒட்டுக்கடை:
சட்டம் பேசுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. தங்கச்சி, நீங்கள் இந்தப் பதிவை எதில் தட்டினீர்கள்? செல்லினத்தில்தானே? கைப்பேசியில் தமிழ் தட்டும் அந்தச் செயலி நம் ஊர் முத்து நெடுமாறன் உருவாக்கியது. அதற்கு எத்தனை காசு கொடுத்தீர்கள்? இலவசமாகக் கிடைத்தால் எல்லோரும் கை நீட்டத்தான் செய்கிறோம்.

ஒலிக்கூடக்காரி:
செல்லினத்தில்தான். அவர் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். உங்கள் கடையில் விருந்தாளிக்கு நீங்களாகத் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) ஊற்றிக் கொடுப்பதும், நீங்கள் திரும்பிய நேரத்தில் அவன் கல்லாவைத் திறப்பதும் ஒன்றா? ஒன்றென்றால் சொல்லுங்கள், நாளையே உங்கள் கடைக்கு வருகிறேன்.

ஒட்டுக்கடை:
வாருங்கள். தே தாரிக் என் கணக்கு. கல்லாவில் அந்த நேரம் ஒன்றும் இருக்காது. ஆனால் ஒன்றைச் சொல்லுங்கள்: உங்கள் நாடகத்தை முறையாகப் பார்க்க நான் முழுத் தொகுப்புக்கும் பணம் கட்ட வேண்டும். அந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டு வெள்ளி என்று யாராவது விற்றிருக்கிறார்களா? விற்றால் முதலில் வாங்குபவன் நான்தான்.

ஒலிக்கூடக்காரி:
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். நாங்களும் கேட்டுப் பார்த்தோம். மேலே இருப்பவர்கள் காதில் விழவில்லை.

பழைய மங்கு:
பிள்ளைகளே, சண்டையை நிறுத்திவிட்டு அந்த அம்மாவைக் கவனியுங்கள். 2019-இல் அனலாக் ஒளிபரப்பு நின்றபோது என் கூரை ஆண்டெனா துணி காயப்போடும் கம்பியாக மாறியது. அதற்குப் பதில் வந்த மைஃப்ரீவியூ என்னும் இலக்கமுறை ஒளிபரப்புக்கு மாதக் கட்டணமே இல்லை, டிவி2-இல் தமிழ்ச் செய்தி வரும். தமிழ் வானொலி மின்னல் எஃப்எம் இருக்கிறது. நடிகர் யாராவது உண்மையிலேயே இறந்தால் அதில் சொல்வார்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வாரம் ஒரு நடிகரைக் கொல்கிறார்கள். போன மாதம் உயிரோடு இருக்கும் ஒருவருக்கு என் மைத்துனர் மெழுகுவத்தி ஏற்றிவிட்டார்.

தமிழ் நேசன் நாளிதழ் 1924-இல் தொடங்கியது, 2019-இல் நின்றது. "ஓசியில் வாசிக்கலாமே" என்று தெருவோர ஒட்டுக்கடையில் மடித்து மடித்துப் படித்த கூட்டத்தில் நானும் ஒருவன். அதை நினைத்தால் அந்தப் பெண் சொல்வது எனக்குக் குத்துகிறது.

மின்கம்பி:
ஐயா, மின்னலில் மருமகள் பீரோவைத் திறந்து என்ன எடுத்தாள் என்று சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்கு அதுதான் வேண்டும். முறையான தமிழ்ச் செயலி ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டி, செம்மண்சாலையின் பழைய கைப்பேசியிலிருந்து கம்பி போட்டுத் தொலைக்காட்சியில் காட்டலாம். டிஷ்ஷைவிட மலிவாக முடியும். சில படங்கள் இந்தியாவில் மட்டும் என்று பூட்டி வைத்திருப்பார்கள், அதற்கு எரிச்சல்படத் தயாராக இருங்கள்.

செம்மண்சாலை:
எல்லோருக்கும் நன்றி. மின்கம்பி சொன்னபடி நேற்றுக் கம்பி வாங்கி மாட்டினேன். மருமகள் எடுத்தது நகையை அல்ல, மாமியாரின் பழைய அடையாள அட்டையை. ஏன் என்று இன்னும் சொல்லவில்லை.

ஒலிக்கூடக்காரி அக்கா, நீங்கள் சொன்ன உளிச் சத்த நாடகம் எது என்று ஊகித்துத் தேடினேன். அந்தச் செயலியிலேயே இருக்கிறது. அம்மாவைக் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன். நன்றாகக் கேட்டார். "சத்தம் சரி. ஆனால் உளியை வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் நின்று காதல் பேசினால், அந்தி மழைக்குள் எத்தனை மரம் வெட்டுவாள்? மண்டோர் (கங்காணி) எங்கே போனான்?" என்றார்.

ஒலிக்கூடக்காரி:
அம்மாவிடம் சொல்லுங்கள், அது இயக்குநரின் குற்றம். நானும் அன்றைக்கே கேட்டேன். பெயர்கள் ஓடும்வரை பார்த்தாரா?

செம்மண்சாலை:
பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு. எழுத்து வேகமாக ஓடுகிறது என்று திட்டினார்.