பழைய பிக்கப்பை வீட்டிலேயே பிரித்துச் சேர்த்தவர்கள்: இன்னும் மனத்தை அரிக்கும் ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள்

ஏரிக்கரையான், ராசிபுரம்

நானே தொடங்குகிறேன். பதினோரு மாதமாகியும் இது என்னை விடவில்லை.

வண்டி 1968ஆம் ஆண்டு மகேந்திரா ஜீப். பின்பகுதியை யாரோ எப்போதோ வெட்டிச் சரக்குத் தொட்டி வைத்திருக்கிறார்கள். ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின். மாமாவின் தோட்டத்தில் புளியமரத்தடியில் கிடந்ததை வாசலுக்கு இழுத்து வந்தேன். வலது பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஒரு மணி நேரத்தில் கழன்றுவிட்டன. இடது முன்சக்கரம் அசையவில்லை. மூன்றரை அடி இரும்புக் குழாயை ஸ்பேனரில் செருகி அதன்மேல் ஏறி நின்றேன். படீரென்று ஒரு சத்தம். நட்டு இளகிவிட்டது என்று குனிந்து பார்த்தால், போல்ட் முறிந்து கீழே கிடக்கிறது. அடுத்ததும் அப்படியே போனது.

மூன்றாவதற்குக் குழாயை மாட்டும்போது தெருவில் ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தினார். பின்னால் சோளத்தட்டுக் கட்டு. "தம்பி, எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள்?" என்று கேட்டார். "எல்லாம் தெரியும், நீங்கள் போங்கள்" என்றேன். இந்த ஒரு வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடாதது.

அவர் போகவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து குந்தி உட்கார்ந்தார். போல்ட்டின் முனையில் இருந்த துருவைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, தோளிலிருந்த துண்டால் துடைத்தார். உள்ளே ஆங்கில ‘எல்’ எழுத்து தெரிந்தது. "இது இடது மரை, எதிர்ப்பக்கம் சுற்றும் திருகு. வண்டி ஓட ஓட இந்தப் பக்கத்து நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று வைத்தது" என்றார். குழாயை உருவி ஓரமாக வைத்தார். வெறும் ஸ்பேனரை மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் ஒரு அழுத்து அழுத்தினார். நட்டு கிரீச்சிட்டு இளகியது. முறிந்த இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பெயர் கேட்கவில்லை. ஒரு செம்பு தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பால் சங்கத்தில், டீக்கடையில், சுற்றியிருக்கும் மூன்று ஊர்களில் விசாரித்துவிட்டேன். அவர் யார் என்று தெரியவில்லை.

கடைசல்காரர், கோவை

ஏரிக்கரையான் அவர்களே, உங்கள் தவறு மரையில் இல்லை, குழாயில் இருக்கிறது. மரை எந்தத் திசையில் இருந்தாலும் அறுபது ஆண்டுத் துருவின் மேல் அத்தனை நீளக் குழாயைப் போட்டால் போல்ட் முறியத்தான் செய்யும். முதலில் கம்பித் தூரிகையால் மரையைச் சுத்தம் செய்யுங்கள். துரு இளக்கும் எண்ணெயை மாலையில் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மறுபடி விடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு நட்டை மட்டும் சூடேற்றுங்கள். போல்ட்டில் தீ படக் கூடாது. கழற்றுவதற்கு முன் இறுகும் திசையில் ஒரு மயிரிழை திருப்பினால் துரு உடைந்து கொடுக்கும்.

இனி முறிந்த போல்ட். அதைச் சம்மட்டியால் அடித்து வெளியேற்றாதீர்கள். அது சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பையும் பிரேக் டிரம்மையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருப்பது. பட்டறையில் அழுத்தும் இயந்திரத்தில் வைத்துத்தான் தள்ள வேண்டும். புதிய போல்ட் போடும்போது ஒரே சக்கரத்தில் இரண்டு வகை மரைகளைக் கலந்துவிடாதீர்கள். மொத்தமாக வலது மரைக்கு மாற்றினால் ஹப்பில் பெயின்டால் எழுதி வையுங்கள், அடுத்து பஞ்சர் ஒட்டப் போகிறவருக்கு அது தெரிய வேண்டும்.

டிரம்மைத் திறந்த பிறகு உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். இந்த ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் குழாய் ஒரே சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் மிதி தரைக்குப் போய்விடும். ஆகவே எஞ்சின் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே பிரேக் குழாய் முழுவதையும் புதிதாக மாற்றிவிடுங்கள். ரப்பர் வாஷர்களைச் சாதாரண எஞ்சின் ஆயிலில் நனைத்துப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் ஆயில் வேறு இனம். அதற்கென்று செய்த ரப்பர் மற்ற எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும்.

என் அனுபவம் என்றால், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் தன் அப்பாவின் பிக்கப் டிரம்மைக் கடையக் கொண்டுவந்தான். சுற்றவிட்டு உளியை வைத்ததுமே விரிசல் தெரிந்தது, பக்கத்தில் சம்மட்டித் தடம். "வேறு டிரம் கிடைக்கும்வரை வண்டியை நகர்த்தாதே" என்றேன். தலையை ஆட்டிவிட்டு டிரம்மை வாங்கிக்கொண்டு போனான். அவன் திரும்பி வரவில்லை. அந்த டிரம்மை நான் கொடுத்திருக்கக் கூடாது.

பனங்காடு, யாழ்ப்பாணம்

எங்களுடையது ஒஸ்ரின் ஏ40 பிக்கப், 1200 சி.சி. அப்பா சுன்னாகம் சந்தைக்கு வெங்காயமும் புகையிலையும் ஏற்றிய வாகனம். அப்பா போன பிறகு ஒன்பது ஆண்டுகள் கொட்டிலில் நின்றது. சென்ற ஆவணியில் எஞ்சினைக் கழற்றினேன்.

1990க்குப் பிறகு போரினால் இங்கே பெற்றோல் வரத்து நின்றதும் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடியதும் இங்குள்ள எங்களவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரின் வாயில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்பா இன்னொன்றும் செய்திருந்தார். எண்ணெய் வரும் செம்புக் குழாயைப் புகைபோக்கியின் அடியில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தார், போகிற வழியிலேயே சூடாகட்டும் என்று. இதற்கெல்லாம் எஞ்சின் விலை கொடுத்திருக்கிறது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்ததில் சிலிண்டர் நன்றாகத் தேய்ந்திருந்தது.

அந்தச் சுருளைக் கண்டதும் இது வாகனத்தோடு வந்ததல்ல என்று தெரிந்தது. எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று இரண்டாக நறுக்கி இரும்புக் குவியலில் போட்டேன். மாலையில் அம்மா தேநீர் கொண்டுவந்தார். வாகனத்தின் பக்கம் எட்டியும் பார்க்காதவர், அன்று எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தச் செம்புக் குழாய் எங்கே?" என்று கேட்டார்.

1995 ஐப்பசியில், போருக்கு அஞ்சி எங்கள் பகுதியான வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்த இரவு, மழைக்குள், பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு சாவகச்சேரி போனது இந்த வாகனத்தில்தான். அப்பா முன்னால் நின்று கைபிடியைச் சுற்ற, மருந்துப் போத்தலிலிருந்து பெற்றோலைத் துளித்துளியாக விட்டது அம்மா. வழியில் ஏழு முறை நின்றதாம், ஏழு முறையும் அவரே விட்டாராம். இதை அன்று மாலைதான் முதன்முதலாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே குவியலில் தேடி இரண்டு துண்டையும் எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். நறுக்கிய முனையைத் தொட்டுப் பார்த்தார்.

நொய்யல், திருப்பூர்

என்னுடையது பெட்ரோல் டேங்க். ஜீப் பிக்கப்புடையது, அடியில் மிளகளவு ஓட்டை. சோப்பு நீரால் ஐந்து முறை கழுவி மூன்று நாள் வெயிலில் வைத்தேன். மோந்து பார்த்தால் வாசமே இல்லை. வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

பட்டறைக்கார அண்ணன் தொடவே இல்லை. "நீரை ஊற்றுங்கள்" என்றார். காய வைத்த டேங்கில் மறுபடி நீரா என்று நான் வாதாடினேன். அவர் பதில் பேசாமல் டேங்கைக் கவிழ்த்து, ஓட்டை மேலே வரும்படி சாய்த்து நிறுத்தி, திறந்த வாயில் வளைகுழாய் வைத்து, ஓட்டைக்கு ஒரு விரல் கீழே வரை நீர் நிரப்பினார். என்னையும் என் மகளையும் சுவருக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார். தீயைக் காட்டினார்.

‘குப்’ என்று ஒரு சத்தம். ஓட்டை வழியாக ஒரு முழ உயரத்துக்கு நீர் பீய்ச்சியது. ஒரு விரல் இடைவெளியில் மிஞ்சியிருந்த ஆவி அவ்வளவுதான் செய்தது. முப்பது லிட்டருக்கு மேல் கொள்ளும் டேங்க் அது. தகரத்தின் மடிப்புகளிலும் துருவுக்குள்ளும் பெட்ரோல் ஒளிந்திருக்கும், சூடு பட்டதும் வெளியே வரும் என்று பிறகு சொன்னார். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. அதற்கு முந்தைய நாள்தான் வீட்டிலேயே பற்றவைத்துவிடலாம் என்று பக்கத்து வீட்டில் வெல்டிங் இயந்திரம் கேட்டிருந்தேன். அவர்கள் ஊரில் இல்லை.

ஏலமலை, போடி

நான் ஒரு குற்றத்தைச் சொல்ல வேண்டும். மகேந்திரா எஃப்சி பிக்கப் ஒன்று வாங்கினேன், முன்மூக்கு இல்லாமல் எஞ்சின் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் வகை. ஹரிக்கேன் எஞ்சின் சிக்கிக் கிடந்தது. பெட்ரோல் செலவு தாங்காது என்று அதைத் தூக்கிவிட்டு, பியூஜோ உரிமத்தில் இங்கே தயாரான 2112 சி.சி. டீசல் எஞ்சினை வைத்தேன். பழையதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து வண்டியின் முதல் உரிமையாளரின் மகன் தேடி வந்தார். எழுபதைத் தாண்டியவர். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். நான் பெருமையோடு சாவியைக் கொடுத்தேன். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சாவியை உடனே திருப்பி நிறுத்தினார். "சத்தம் வேறாக இருக்கிறதே" என்றார். காயலான் கடைக்கு என் மோட்டார் சைக்கிளிலேயே அவரை அழைத்துப் போனேன். முந்தைய நாள்தான் உடைத்திருக்கிறார்கள். எஞ்சின் கட்டை நாலு துண்டாகக் கிடந்தது. எஞ்சின் எண் இருந்த துண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். காசு நான் கொடுக்கப் போனேன், அவர் விடவில்லை.

கரிசல், கோவில்பட்டி

ஏலமலை அவர்களே, இதைக் குற்றம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இத்தகைய பேச்சைப் படித்துவிட்டு, ஓட வேண்டிய வண்டிகளைப் பலர் கொட்டகையில் பூட்டிவைத்துவிடுகிறார்கள். பிக்கப் என்பது சுமை தூக்கப் பிறந்தது. போடிமெட்டு ஏறிப் பூப்பாறைக்கு ஆளும் சரக்கும் கொண்டுபோன ஜீப்புகளில் டீசலுக்கு மாறாதவை எத்தனை? அந்த மாற்றம் இல்லாவிட்டால் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அவையெல்லாம் எடைக்குப் போயிருக்கும். 2021இல் வந்த விதியை இங்கே யாராவது எடுத்து வைப்பார்கள். ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வாகனத்துக்கு ‘விஏ’ எழுத்தோடு தனிப் பதிவு எண் உண்டு, சரிதான். ஆனால் அந்த எண்ணோடு அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது, தொழிலுக்கும் பயன்படுத்த முடியாது. நமக்கு அது எதற்கு? நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். எஞ்சின் மாறியதைப் பதிவுச் சான்றில் ஏற்றிவிடுங்கள். ஏற்றாமல் விட்டால் விபத்து நேரும் நாளில் காப்பீடு சிக்கலாகும்.

என் கதை சிறியது. என் பிக்கப்பை எட்டயபுரம் சாலையில் முதன்முதலாக ஓட்டிப் போனபோது, பருத்தி மூட்டையோடு நின்ற ஓர் அம்மா கை காட்டினார். பிரேக்கின் மேல் நம்பிக்கை வராததால் நிறுத்தாமல் போனேன். கண்ணாடியில் பார்த்தேன். கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

ஏலமலை, போடி

கரிசல் சொல்வது நியாயம். பதிவுச் சான்றில் மாற்றியாகிவிட்டது. ஆனால் நான் வருந்துவது எஞ்சினை மாற்றியதற்காக இல்லை. எடைக்குப் போடும் முன் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முகவரி என்னிடமே இருந்தது, பழைய சான்றிதழில்.

கடைசல்காரர், கோவை

பனங்காடு அவர்களுக்கு: அந்தச் செம்புச் சுருளை எக்காரணம் கொண்டும் மறுபடி மாட்டாதீர்கள். புகைபோக்கிக்கு அவ்வளவு அருகில் பெட்ரோல் போனால் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும், கசிந்தால் தீப்பிடிக்கும். சிலிண்டரைக் கடைவதற்கு முன் மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளவெடுங்கள். தேய்மானம் மேலேதான் அதிகமாக இருக்கும்.

பனங்காடு, யாழ்ப்பாணம்

நன்றி அண்ணை. மாட்டப்போவதில்லை. சிலிண்டர் அளவும் எடுத்துவிட்டேன். குழாய் இப்போது அம்மாவின் அலுமாரியில் பத்திரிகைத் தாளில் சுற்றி இருக்கிறது. கேட்க வந்தது வேறு. இரண்டு துண்டையும் ஒன்றாகப் பற்றவைத்தால், நறுக்கிய இடம் தெரியாமல் செய்ய முடியுமா?

கடைசல்காரர், கோவை

எண்ணெய் ஓடப்போவதில்லை என்றால் ஈயப் பற்றே போதும். இரண்டு முனையையும் அரம் போட்டு நேராக்கி, உள்ளே நுழையும் அளவில் ஒரு சிறு செம்புக் குழாய்த் துண்டை வைத்து இணையுங்கள். பிறகு மெல்லிய உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். கோடு தெரியும்.