ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு ஏஜென்ட் தேவை

வணக்கம். ஜனவரி ஹைம்டெக்ஸ்டில் வீட்டு ஜவுளிக் கண்காட்சிக்குக் கரூரிலிருந்து நான்கு பேர் போகணும். கம்பெனிப் பயணம் பார்த்துப் பழகிய டிராவல் ஏஜென்ட் யாராவது தெரியுமா? டூர் பேக்கேஜ் விற்பவர் வேண்டாம்.

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வரை ஒரே பி.என்.ஆரில் (புக்கிங் எண்ணில்) போடணும். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் ஏர்லைன் பொறுப்பேற்காது. சாம்பிள் பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போடவேண்டி வரலாம். இருவர் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி (நம்மூர்த் தலைவலி!), அதை டிக்கெட்டில் சரியாக ஏற்றத் தெரிந்திருக்கணும். கம்பெனி ஜிஎஸ்டி எண்ணைப் புக்கிங்கிலேயே கொடுக்கணும், பிறகு சேர்ப்பது பெரும்பாடு. ஷெங்கன் விசாவுக்கான 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டையும் அவரே எடுத்துத் தந்தால் நல்லது.

சொல்பவர்கள் இதையும் சொல்லுங்கள்: தலைக்கு சேவைக் கட்டணம் எவ்வளவு? தேதி மாற்றினால் ஏர்லைன் கட்டணத்தையும் தன் கட்டணத்தையும் பில்லில் பிரித்துக் காட்டுவாரா? இரவு இரண்டு மணிக்கு போன் எடுப்பாரா?