போருக்கே போகாதவருக்குப் போர்க்கால பென்ஷன் கிடைக்குமா?

டெக்சாஸ் மருமகள்:
என் மாமனார் அமெரிக்கர், வயது 74. 1970-ல் கட்டாய ஆள்சேர்ப்பில் ராணுவத்துக்குப் போய், இரண்டு வருடமும் ஜெர்மனியில் லாரி மெக்கானிக்காக இருந்தார். வியட்நாம் பக்கமே போகவில்லை. இப்போது சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வுத்தொகை மாதம் 1,150 டாலர்தான் வருமானம். சொந்த வீடு, வங்கியில் 9,000 டாலர். மருந்து, இன்சூரன்ஸுக்கே மாதம் 400 போகிறது. விஏ (முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை) பென்ஷனுக்கு எழுதிப் போடுங்கள் என்றால், "அது அடிபட்டவர்களுக்கு" என்று மறுக்கிறார். ஒரு ஏஜென்ட் 1,500 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

ரவி:
கொடுக்காதீர்கள். முதல் விண்ணப்பத்துக்கு உதவக் கட்டணம் வாங்குவதே சட்டப்படி தவறு. உங்கள் கவுன்டியில் (மாவட்டம் மாதிரி) முன்னாள் ராணுவத்தினருக்கு உதவும் வெட்டரன்ஸ் சர்வீஸ் ஆபீசர் இருந்தால் இலவசமாகச் செய்து தருவார்.

நர்ஸ் அக்கா:
முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பதால் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். கௌரவம் பார்ப்பவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள். அடிபட்டவர்களுக்கானது காம்பன்சேஷன் என்ற இழப்பீடு, இந்தப் பென்ஷன் வேறு. அவர் காலத்தில் சேர்ந்தவர்களுக்கு 90 நாள் சேவை, அதில் ஒரு நாளாவது போர்க்காலத்தில் இருந்தால் போதும். எந்த நாட்டில் இருந்தார் என்று பார்ப்பதில்லை. 1964 ஆகஸ்ட் 5 முதல் 1975 மே 7 வரை வியட்நாம் காலம்தான். 65 தாண்டிவிட்டதால் ஊனமும் காட்ட வேண்டாம். குடியிருக்கும் வீட்டைச் சொத்தில் சேர்க்க மாட்டார்கள்.

தனி ஆளுக்கு 2024 டிசம்பரில் வந்த உச்ச அளவு வருடம் 16,965 டாலராக இருந்தது; அதை வைத்தே கணக்குப் போடுகிறேன். வருமானம் போக மீதியைத் தருவார்கள். அவர் வருமானம் 13,800. ஆனால் மருத்துவச் செலவு 4,800-ல், உச்ச அளவின் 5 சதவீதம் (848) தாண்டிய 3,952-ஐக் கழிக்கலாம். ஆக வருமானம் 9,848 என்றாகிறது. வித்தியாசம் 7,117, அதாவது மாதம் 593. மருந்துக் கடை ரசீதை எல்லாம் எடுத்து வையுங்கள்! குளிக்க, உடுத்த ஆள் துணை தேவைப்பட்டால் 'எய்ட் அண்ட் அட்டென்டன்ஸ்' என்ற கூடுதல் உதவியைக் கேளுங்கள், அதே 2024 டிசம்பர் கணக்கில் அதற்கு உச்ச அளவே 28,300 ஆக இருந்தது.

டெக்சாஸ் மருமகள்:
நன்றி அக்கா. அவருடைய டிடி214 (ராணுவத்திலிருந்து விடுவித்த சான்றிதழ்) காணோம். ராணுவ ஆவணக் காப்பகத்தில் நடந்த 1973 தீ விபத்தில் அவர் கோப்பும் போயிருக்குமோ என்கிறார்.

நர்ஸ் அக்கா:
செயின்ட் லூயிஸில் எரிந்த ராணுவக் கோப்புகள் 1960-க்குள் விடுவிக்கப்பட்டவர்களுடையவை. இவர் வெளியே வந்தது 1972, நகல் கேட்டு எழுதுங்கள். அது வரும்வரை காத்திருக்காமல் 'இன்டென்ட் டு ஃபைல்' (விண்ணப்பிக்கப் போகிறேன் என்ற முன்னறிவிப்பு) மட்டும் இன்றே போட்டுவிடுங்கள். ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பம் கொடுத்தால் பென்ஷனுக்கு இன்றைய தேதியே கணக்கு.