ஸ்டிஃபனர் சேர்த்ததும் பிளேட் அளவுக்கு மீறி விறைக்கிறது, எங்கே பார்ப்பது?

கேள்வி:
எலிமென்ட் ஃப்ரீ கலெர்கின் முறையில் (மெஷ் இல்லாமல் நோடு எனும் புள்ளிகளை மட்டும் வைத்துக் கணக்கிடுவது) கோட் எழுதியிருக்கிறேன். நோடு மதிப்புகளிலிருந்து இடையிலுள்ள தொய்வைத் தரும் ஷேப் ஃபங்ஷன் மூவிங் லீஸ்ட் ஸ்கொயர்ஸ், பிளேட்டுக்கு ஃபர்ஸ்ட் ஆர்டர் ஷியர் தியரி, நோடு ஒன்றுக்கு ஒரு தொய்வும் இரண்டு சுழற்சியும். வெறும் பிளேட் என்றால் பிரச்சினையே இல்லை. சிம்ப்ளி சப்போர்ட்டட் சதுர மெல்லிய பிளேட்டுக்குச் சீரான பளுவில் நடுத்தொய்வுக் கெழு 0.00406 அச்சாக வருகிறது. அடியில் ஒரு ஸ்டிஃபனர் (பிளேட்டை விறைப்பாக்கும் பட்டை) ஒட்டினால்தான் வம்பு. ஷெல் எலிமென்ட் வைத்துப் போட்ட ஃபைனைட் எலிமென்ட் மாடலை விடத் தொய்வு நன்றாகவே குறைகிறது. நோடுகளை நெருக்கிப் பார்த்தாயிற்று, சப்போர்ட் ஆரத்தை (ஒரு நோடின் தாக்கம் எட்டும் தூரம்) கூட்டிக் குறைத்தும் பார்த்தாயிற்று, அசையவில்லை. ஷியர் லாக்கிங்கா (மெல்லிய பிளேட்டில் கணக்கு பொய்யாக விறைப்பது), பிளேட்டையும் ஸ்டிஃபனரையும் சேர்த்துப் பிடிக்கப் போட்ட பெரிய பெனால்டி எண்ணா?

பதில் 1:
நோடு நெருக்கியும் அசையவில்லை என்றால் லாக்கிங் மேல் பழி போடாதீர்கள், அது நோடு கூடக் கூடக் கொஞ்சமாவது இளகும். ஸ்டிஃபனர் இனெர்ஷியாவை (வளைவை எதிர்க்கும் குறுக்குவெட்டு அளவு) எந்த அச்சைப் பற்றி எடுத்தீர்கள்?

கேட்டவர்:
பிளேட்டின் நடுத்தளத்தைப் பற்றி, பேரலல் ஆக்சிஸ் போட்டு.

பதில் 1:
சரி, அங்கேதான் இருக்கிறது. தளத்துக்குள் நகரும் டிகிரியே (டிகிரி ஆஃப் ஃப்ரீடம், நோடு அசையும் வழி) இல்லாததால் நடுத்தளத்தில் திரிபு பூஜ்யம் என்று நீங்களே கட்டிப்போட்டு விட்டீர்கள், நடுநிலை அச்சு (வளையும்போது நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் கோடு) ஸ்டிஃபனர் பக்கம் இறங்க வழியில்லை. கையாலேயே போட்டுப் பாருங்கள்: 5 மிமீ பிளேட்டில் 200 மிமீ அகலம், அடியில் 10க்கு 50 மிமீ ஸ்டிஃபனர். மையத்தூரம் 27.5 மிமீ. நடுத்தளத்தைப் பற்றி மொத்த இனெர்ஷியா சுமார் 4,84,000 மிமீ⁴. உண்மையான நடுநிலை அச்சு 9.2 மிமீ கீழே இருக்கிறது, அதைப் பற்றி எடுத்தால் சுமார் 3,58,000தான். 35 சதவீதம் அதிகம்! நோடுக்கு ஐந்து டிகிரி ஆக்குங்கள், ஸ்டிஃபனருக்கும் அச்சு நீட்சியைக் கொடுங்கள், அதன் சொந்த இனெர்ஷியாவை மட்டும் வைத்துக்கொண்டு மையத்தூரத்தைச் சுழற்சி வழியாக இணைப்பில் கொண்டுவாருங்கள்.

பதில் 2:
இணைக்கும்போது இன்னொரு விஷயம். மூவிங் லீஸ்ட் ஸ்கொயர்ஸில் நோடு பாராமீட்டர் வேறு, அந்த இடத்துத் தொய்வு வேறு. ஸ்டிஃபனர் பாராமீட்டரையும் பிளேட் பாராமீட்டரையும் நேரடியாகச் சமப்படுத்தக் கூடாது. ஸ்டிஃபனர் நோடு இருக்கும் புள்ளிகளில் இரண்டு பக்கத்து ஷேப் ஃபங்ஷனையும் கணக்கிட்டு, ஸ்டிஃபனர் பக்கத்து ஷேப் ஃபங்ஷன் மேட்ரிக்ஸைத் தலைகீழாக்கி (இன்வர்ஸ் எடுத்து), அதன் பாராமீட்டர்களைப் பிளேட் பாராமீட்டர்களில் எழுதிவிடுங்கள். பெனால்டி எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஸ்டிஃபனர் எங்கே நகர்ந்தாலும் பிளேட் நோடுகளைத் தொட வேண்டாம். மெஷ்ஃப்ரீக்கு வந்ததே அதற்குத்தானே?

கேட்டவர்:
இரண்டையும் மாற்றினேன். இடைவெளி பெரும்பாலும் மூடிவிட்டது, ஆனால் இன்னும் கொஞ்சம் விறைப்பு பாக்கி இருக்கிறது.

பதில் 1:
ஸ்டிஃபனர் முனைகள் இருக்கும் ஓரங்களில் தளத்துக்குள் நகர்வைப் பூட்டியிருக்கிறீர்களா? ஸ்டிஃபனர் நடுத்தளத்தில் இருந்தால் அது தொய்வைத் தொடாது, ஒருபக்க ஸ்டிஃபனரில் நன்றாகவே தொடும். ஷெல் மாடலில் என்ன வைத்தீர்களோ அதையே இங்கேயும் வையுங்கள்.

கேட்டவர்:
ஆமாம், அங்கே ஓரம் நகரலாம், இங்கே பூட்டியிருந்தது. அவிழ்த்ததும் பொருந்திவிட்டது.

பதில் 2:
அப்புறம் பிளேட்டின் நடுத்தளத் தகைவையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மையத்தூரத்தின் குறி எல்லா இடத்திலும் ஒரேபோலத் தலைகீழாக இருந்தால் தொய்வில் தெரியவே தெரியாது, தகைவின் குறியில்தான் தெரியும்.