‘ரிலீஸ் கேண்டிடேட்’ தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

கோவையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். ஓபிஎஸ் ஸ்டுடியோவுக்குத் தமிழில் கையேடு எழுதி வருகிறேன். 2012இல் ஒருவர் தம் சொந்த ஆர்வத்தால் தொடங்கிய திறமூல நேரலைக் கருவி அது. சனிக்கிழமை எங்கள் கல்லூரியில் பயிற்சி. வெள்ளி இரவு அச்சுக்குப் போக வேண்டும்.

ரிலீஸ் கேண்டிடேட் என்பது பொதுவெளியீட்டுக்குச் சற்று முன் வரும் சோதனைப் பதிப்பு. முதல் வரைவில் அதை ‘வெளியீட்டு வேட்பாளர்’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த மாணவர் ஒருவர் புதிய வெளியீடு என்றே நினைத்து, பரதநாட்டிய அரங்கேற்றத்தை நேரலையில் அனுப்ப வேண்டிய கணினியில் நிறுவிவிட்டார். அவர் வைத்திருந்த பழைய செருகுநிரல் (ப்ளக்-இன்) அதோடு ஒத்துப்போகவில்லை. அலாரிப்பு முடியும்வரை திரை கறுப்பாகவே கிடந்தது. ஆடிய பெண்ணின் பாட்டி வெளியூரில் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாராம். என் சொல்லால் வந்த வினை இது. சோதனைப் பதிப்பு என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். சொல் தாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து:

தம்பி, அந்தச் சொல்லில் திணை வழுவே இருக்கிறது. ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’ என்று படித்துவிட்டு மென்பொருளுக்கு ‘ஆளர்’ ஈறு கொடுக்கலாமா? வேட்பு என்பது விருப்பம். மென்பொருள் எதை விரும்பிற்று?

தொல்காப்பியப் பாயிரத்தைப் பாருங்கள். பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு ‘அரில்தபத் தெரிந்து’ நூலைக் காட்டியதாகச் சொல்கிறது. அரில் என்றால் குற்றம்; தபுதல் என்றால் கெடுதல். அரங்கேறும் முன் குற்றம் களையும் நிலை இதுதானே? ‘அரில்தபு பதிப்பு’ என்று வைக்கலாம். தபு என்பதும் அருமையான சொல். ஓசையை எடுத்தும் படுத்தும் சொல்வதாலேயே தன்வினையாகவும் பிறவினையாகவும் நிற்கும். குற்றம் தானும் கெடும், நாமும் கெடுப்போம். இரண்டும் அந்த ஒரு சொல்லில் அடங்கும்.

திருவாரூரிலிருந்து:

ஐயா, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு அரில் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்த சொல் வெள்ளோட்டம். எங்கள் ஆழித்தேரைப் புதுப்பித்து 2015இல் வெள்ளோட்டம் விட்டார்கள். இரும்புச் சக்கரமும் தடைக்கருவியும் திருச்சி பெல் நிறுவனம் செய்தவை. ஆனாலும் வீதியில் ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் சுவாமியை எழுந்தருளச் செய்வார்கள். திருப்பத்தில் முட்டுக்கட்டையோடு நிற்பவரிடம் இந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து:

வெள்ளோட்டத்தை ஆதரிக்கிறேன். அது வெள்ளம் + ஓட்டம். புதுக் கப்பலை நீரில் விட்டுப் பார்ப்பதிலிருந்து வந்தது.

திருநெல்வேலியிலிருந்து:

அப்படியானால் மகரம் கெட்டு ‘வெள்ளவோட்டம்’ என்றல்லவா ஆகும்? இங்கே ‘வெள்’ வெறுமையைக் குறிக்கிறது. வெள்ளறிவு என்கிறோம், வள்ளுவரும் அறிவின்மையை ‘வெண்மை’ என்கிறார். சுவாமி இல்லாத தேர் வெறுந்தேர், அதனால் வெள்ளோட்டம். நீங்கள் சொல்லும் பதிப்பிலோ எல்லா வசதிகளும் ஏறிவிட்டன. அதில் வெறுமை எங்கே?

சிங்கப்பூரிலிருந்து:

பயனர்களுக்கு உதவி செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். யார் வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது பதிப்பு எண், அடுத்து பதிவுக்கோப்பு (லாக்). 2022இல் ஓபிஎஸ்ஸின் 28ஆம் பதிப்பு, திரை இடைமுகத்துக்குப் பயன்படுத்தும் க்யூட்டி நிரல்தொகுப்பின் 6ஆம் பதிப்புக்கு மாறியது. பழைய செருகுநிரல்கள் பலவற்றைப் புதிதாகத் தொகுக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மாற்றத்தைப் பொதுவெளியீட்டுக்கு முன்பே கண்டுகொள்ளத்தான் முதலில் வரும் சோதனைப் பதிப்பான பீட்டாவும், அதன்பின் வரும் ஆர்சியும் (ரிலீஸ் கேண்டிடேட்டின் சுருக்கம்). பீட்டாவுக்கு ஏற்கெனவே பலர் வெள்ளோட்டம் என்று எழுதுகிறார்கள். அதையே ஆர்சிக்கும் வைத்தால் எந்தப் பதிப்பில் கோளாறு என்று நான் எப்படிப் பிரித்தறிவது? திரையில் ‘ஆர்சி’ என்றுதான் இருக்கிறது. அப்படியே விட்டுவிடுங்கள்.

கோவையிலிருந்து:

எங்கள் ஊரில் ஆர்சி என்றால் வண்டியின் பதிவுச் சான்றிதழ். மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், முதலில் அதைத்தான் சொன்னார்கள். பீட்டாவுக்கு ‘வெள்ளோட்டம்’, ஆர்சிக்கு ‘இறுதி வெள்ளோட்டம்’ என்று பிரித்தால் என்ன?

திருவாரூரிலிருந்து:

சம்மதம்.

சென்னையிலிருந்து:

சம்மதம். வெள்ளவோட்டம் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து:

ஆர்சி 1 வரும், குறை தெரிந்தால் ஆர்சி 2 வரும். இறுதி எத்தனை முறை வரும்? ஆனாலும் வேட்பாளருக்கு இது மேல். பக்கத்திலேயே ‘ஆர்சி’ என்றும் எழுதுவதானால் சம்மதம்.

திருநெல்வேலியிலிருந்து:

அவர் கேட்டதுதான் என் தடையும். இறுதிக்கு இரண்டாம் எண் இட முடியாது. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பிலாவது அரில்தபுவை எண்ணிப் பாருங்கள்.

கோவையிலிருந்து:

பதிந்துகொண்டேன், ஐயா. கையேடு அச்சுக்குப் போய்விட்டது. 14ஆம் பக்கத்தில் ‘இறுதி வெள்ளோட்டம் (ஆர்சி)’ என்று இருக்கிறது. அதன் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘விழாவுக்கு எடுத்துப்போகும் கணினியில் இதை நிறுவ வேண்டாம்.’