பட்டை இல்லாவிட்டால் ஆள் இல்லாத பூனையா?

ஜன்னலோரம்:
"கழுத்தில் பட்டை இல்லாமல் வெளியே திரிகிற பூனைக்கு ஆள் கிடையாது, யோசிக்காமல் தூக்கிவந்து வளருங்கள்" என்று நேற்று நாலுகால்நேசன் எழுதியிருந்தார். கீழே வரிசையாகப் பாராட்டு வேறு. படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. பூனை வேலிக்குள் நுழையும், கிளையில் ஏறும். பட்டை எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடக் கூடாது என்றுதான் இழுத்தால் தானே கழன்றுவிடுகிற மாதிரி செய்கிறார்கள். அது கழன்று விழுந்த நிமிடமே பூனை அநாதையாகிவிடுமா? எங்கள் கடுவனை இப்படித்தான் ஒரு புண்ணியவான் எடுத்துப்போய் வைத்துக்கொண்டார். அதற்குச் சர்க்கரை நோய், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் போட வேண்டும். திரும்பக் கிடைத்தபோது பின்னங்காலை ஊன்றி நிற்க முடியவில்லை.

நாலுகால்நேசன்:
எலும்பும் தோலுமாக வாசலில் வந்து கத்துகிற உயிரிடம் விலாசம் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு வராது. பட்டை இருந்திருந்தால் அந்த மனிதர் உங்களுக்குப் போன் செய்திருப்பார். பட்டை போடாதது உங்கள் தப்பு, திட்டு மட்டும் அவருக்கா?

ஜன்னலோரம்:
பட்டை போட்டுத்தான் இருந்தோம், கழன்றுவிட்டது. மேலே எழுதியதைப் படிக்கவே இல்லையா? எலும்பும் தோலும் என்கிறீர்களே, வயதான பூனைக்குத் தைராய்டு அதிகமாகச் சுரந்தால் வாரி வாரித் தின்னும், ஆனாலும் மெலிந்துகொண்டே போகும். சிறுநீரகம் கெட்டாலும் இளைக்கும். அப்படிப்பட்ட பூனைக்கு வீட்டில் தினமும் மாத்திரையும் தனிச் சாப்பாடும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் "பாவம், பட்டினி" என்று கதவைச் சாத்தினால் மருந்து நின்றுவிடும். கத்துவதும் பசியால் மட்டுமில்லை. இரண்டு மூன்று வீட்டில் முறைவைத்துச் சாப்பிடுகிற பூனைகள் உண்டு.

மருதாணி:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் "இது உங்கள் பூனையா? இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று எழுதி, கழுத்தில் தளர்வாகச் சுற்றி ஒட்டி அனுப்பலாம். எதிலாவது மாட்டினால் கிழிந்துவிடும், ஆபத்தில்லை. ஆள் இருந்தால் அழைப்பு வரும். அப்புறம் மருத்துவரிடம் கொண்டுபோய் மைக்ரோசிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தோள்களுக்கு நடுவே தோலுக்கு அடியில் அரிசி அளவில் இருக்கும், ஸ்கேனரில் 15 இலக்க எண் வரும். சில சமயம் நகர்ந்து முன்னங்கால் பக்கம் இறங்கியிருக்கும். அதனால் முதுகோடு நிறுத்திவிடக் கூடாது.

நாலுகால்நேசன்:
சிப்பில் எண் வந்தாலும் உரிமையாளர் பழைய போன் நம்பரைத்தான் பதிந்து வைத்திருப்பார். பட்டை என்றால் கண்ணால் பார்த்தாலே தெரியும். அதைக்கூடப் போடாதவருக்குப் பூனை எதற்கு?

ஜன்னலோரம்:
இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், 20 வார வயதுக்குள் வீட்டுப் பூனைக்கு மைக்ரோசிப் போட்டுப் பதிந்துவிட வேண்டும் என்று சட்டம். பட்டையைக் கட்டாயமாக்கவில்லை. ஏன் என்று யோசியுங்கள். போன மாதம் நீங்கள் ஒரு பூனையின் படம் போட்டீர்கள், "மீட்டேன்" என்று. அதன் ஒரு காதின் நுனி நேராக வெட்டியிருந்தது. கருத்தடை செய்து பழைய இடத்திலேயே விட்ட பூனைக்குத்தான் அப்படி அடையாளம் வைப்பார்கள். யாரோ ஒருவர் செலவு செய்து, சோறு வைத்துப் பார்த்துக்கொண்ட பூனை அது. அன்றே எழுதினேன், நீங்கள் பதில் சொல்லவில்லை.

தெருமுனை:
எனக்கு ஒன்று புரியவில்லை. அவ்வளவு அருமையான பூனை, சர்க்கரை நோய் வேறு, அதை ஏன் வெளியே விட்டீர்கள்? வண்டியில் அடிபடும், குருவியைப் பிடிக்கும். வீட்டுக்குள் வைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

ஜன்னலோரம்:
விடவில்லை. கதவு திறந்திருந்தபோது வெளியே போய்விட்டது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை தப்பினால் பெரும்பாலும் பக்கத்திலேயே எங்காவது பதுங்கியிருக்கும். இருட்டியதும் கூப்பிட்டால் வெளியே வரலாம். அதற்குள் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் நாங்கள் எங்கே போய்க் கூப்பிடுவது?

நாலுகால்நேசன்:
கதவை மூடத் தெரியாது, பட்டை போடத் தெரியாது, ஊருக்கெல்லாம் பாடம் நடத்தத் தெரியும்.

ஜன்னலோரம்:
வளர்ந்த பூனைக்குக் கிண்ணம் நிறையப் பால் வைக்கலாம் என்று சாதித்தவர் நீங்கள்தானே? நிறையப் பூனைகளுக்கு அது செரிக்காது, வயிற்றால் போகும் என்று எத்தனை பேர் சொன்னார்கள்!

நாலுகால்நேசன்:
என் பாட்டி காலத்திலிருந்து பால்தான். ஒன்றும் ஆகவில்லை.

மருதாணி:
பால் எங்கிருந்து வந்தது இங்கே? காகிதப் பட்டை பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.

தெருமுனை:
அதையும் பூனை கிழித்துப் போட்டுவிடும். நான் கேட்டதற்கு இன்னும் ஒழுங்கான பதில் வரவில்லை.

ஜன்னலோரம்:
உங்களுக்கு அப்புறம் சொல்கிறேன். நாலுகால்நேசன், இப்போது உங்கள் வீட்டில் இருக்கிற சாம்பல் பூனையை ஸ்கேன் செய்து பார்த்தீர்களா?

நாலுகால்நேசன்:
வரும்போது அதற்குப் பட்டை இல்லை. நானே வாங்கிப் போட்டுவிட்டேன். இனி அது எங்கள் பூனை.

ஜன்னலோரம்:
நான் பட்டையைக் கேட்கவில்லை. ஸ்கேன் செய்தீர்களா, இல்லையா?