52 லட்சத்துக்கு வீடு, கையில் 14 லட்சம்: இறங்கலாமா?

சேலையூர் வாடகைக்காரி:

எட்டு ஆண்டுகளில் மூன்று வாடகை வீடுகள் பார்த்துவிட்டோம். முதல் வீட்டில் உரிமையாளரின் மகனுக்குத் திருமணம், காலி செய்யச் சொன்னார்கள். இரண்டாவதில் சுவரில் ஆணி அடித்ததற்குப் பஞ்சாயத்து. இப்போது இருக்கும் வீட்டில் குறை ஒன்றுமில்லை, வாடகை 15,000. ஆனால் மகள் மூன்றாம் வகுப்பு போகிறாள், "இது நம்ம வீடா, அவங்க வீடா?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

கிழக்குத் தாம்பரத்தில் ஓர் அடுக்கக வீடு. கட்டி 12 ஆண்டுகள் ஆகின்றன. 920 சதுர அடி, அதற்குரிய பிரிபடாத மனைப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் எங்களுக்கு வரும் பங்கு, 410 சதுர அடி. இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு. 52 லட்சத்துக்குக் குறையாது என்கிறார் உரிமையாளர். நான் தனியார் பள்ளி ஆசிரியை, கணவர் மறைமலை நகரில் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருக்கிறார். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 1,02,000. சேமிப்பு 14 லட்சம். கடன் என்று இருப்பது கணவரின் பைக்குக்கு மாதம் 4,200 மட்டும்.

வங்கியில் கேட்டோம். 8 சதவீத வட்டி, 20 ஆண்டு, விலையில் 80 சதவீதம் தருகிறோம் என்றார்கள். ஆக மீதி 10 லட்சத்துச் சொச்சம்தானே, கையில் 14 இருக்கிறதே என்று துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் உரிமையாளர் தனியாகக் கூப்பிட்டு, "பத்திரத்தில் 40 காட்டிக்கொள்ளலாம், 12 ரொக்கமாகக் கொடுங்கள், உங்களுக்கும் பதிவுச் செலவு மிச்சம்" என்றார். மாமனாரோ, பீரோவில் இருக்கும் 20 சவரனை அடகு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். எல்லோரும் எனக்கு மிச்சப்படுத்தித் தருவதிலேயே குறியாக இருப்பதால் பயமாக இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மேல்மாடி மடிப்பாக்கம்:

52 லட்சத்து வீட்டுக்கு ஆண்டு வாடகை 1,80,000. அதாவது மூன்றரை சதவீதம்கூட முழுதாக வரவில்லை. நீங்கள் வங்கிக்குக் கட்டப்போவது 8 சதவீதம். ஆணி அடிக்கும் உரிமைக்கு இந்த விலை அதிகம் என்பது என் கருத்து. நான் 2021-இல் வாங்கியவன், கசப்பில் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கசப்பையும் சொல்லிவிடுகிறேன். 30 லட்சம் கடன், 7 சதவீதம், 20 ஆண்டு, தவணை 23,259. ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரிக்குள் 6.5-க்குப் போய்விட்டது. என் வட்டியும் 9.5 ஆயிற்று. தவணை மட்டும் அப்படியே இருந்ததால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒருநாள் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தால், கட்டிய 23,259-இல் அசலுக்குப் போனது 500 ரூபாய்கூட இல்லை. வட்டி ஏறஏறத் தவணைக் காலத்தை நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள், எனக்கு ஒரு குறுஞ்செய்தியோடு சரி. இன்னும் நீட்டினால் நான் பணி ஓய்வு பெற்ற பிறகும் கட்ட வேண்டியிருக்கும்!

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. நான் நேரில் போய்த் தவணையை உயர்த்திக்கொண்டேன். நீங்கள் வாங்கினால் ஆண்டுக்கு ஒரு முறையாவது அறிக்கையைத் திறந்து பாருங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர்:

அம்மா, 31 ஆண்டுகள் வங்கியில் இருந்தேன், அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் வீட்டுக் கடன் மேசை. நீங்கள் துள்ளிக் குதித்த அதே இடத்தில் நிறையப் பேர் குதித்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் 10 லட்சத்துச் சொச்சம் என்கிற கணக்கு. 52-இல் 80 சதவீதம் 41.6 லட்சம். உங்கள் பங்கு 10.4. சரி. ஆனால் பதிவுச் செலவுக்கு வங்கி கடன் தராது. பழைய வீட்டின் கிரயத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 52 லட்சத்துக்கு 4,68,000. தரகர் ஒரு சதவீதம் கேட்டால் 52,000. இதுவரை 15.6 லட்சம் ஆகிவிட்டது, உங்கள் 14 தீர்ந்துபோயிற்று. வழக்கறிஞர் கருத்து, கடன் பரிசீலனைக் கட்டணம், அடமானப் பதிவு என்று இன்னொரு 50, 60 ஆயிரம். குடிபோகும் முன் வெள்ளையடிக்காமல் இருக்க மாட்டீர்கள். பால் காய்ச்சுகிற அன்று சொந்தங்களுக்குச் சோறு போடாமலும் இருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று, 80 சதவீதம் என்பது நீங்கள் பேசிய விலையில் மட்டும் இல்லை. வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் 48 என்று எழுதினால் 48-இல் 80 சதவீதம், 38.4 லட்சம்தான். மிச்சம் 13.6 உங்கள் தலையில். ஆகவே மதிப்பீடு வருவதற்கு முன்னால் பெரிய முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்போது அந்த 12 லட்சம் ரொக்கம். பத்திரத்தில் 40 என்றால் பதிவுச் செலவில் உங்களுக்கு மிச்சமாவது 1,08,000 ரூபாய். உண்மைதான். ஆனால் கடன் 40-இல் 80 சதவீதம், 32 லட்சமாகக் குறைந்துவிடும். ஆக உங்கள் கையிலிருந்து போக வேண்டியது 8 லட்சமும் ரொக்கம் 12 லட்சமும், மொத்தம் 20. அதாவது ஒரு லட்சத்தை மிச்சப்படுத்த, இல்லாத 9.6 லட்சத்தைக் கூடுதலாகத் திரட்ட வேண்டும். மிச்சம் யாருக்கு? விற்பவருக்கு, மூலதன ஆதாய வரியில். பிற்காலத்தில் நீங்கள் விற்கும்போது உங்கள் வாங்கிய விலை 40 என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும், அவருடைய வரியும் உங்கள் கணக்கில் வந்து சேரும். மேலும் அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம். இதை அவரிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், குரல் மாறும்.

50 லட்சமும் அதற்கு மேலும் விலை என்றால் விற்பவருக்குக் கொடுப்பதில் 1 சதவீதத்தை நீங்களே பிடித்து, அவருடைய பான் எண்ணில் வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். 52,000. இது கூடுதல் செலவில்லை, அவருக்குப் போவதில் கழிவது. மறந்தால் மட்டும் உங்கள் செலவு.

தவணை 34,796 வரும். பைக் கடனோடு சேர்த்தால் 39,000, உங்கள் வருமானத்தில் 38 சதவீதம். வங்கி ஒப்புக்கொள்ளும், நான் மேசையில் இருந்திருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் முதல் மாதத் தவணையில் 27,733 ரூபாய் வட்டி, அசலில் கழிவது 7,063 மட்டுமே. இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். மாறும் வட்டிக் கடனில் தனிநபர்கள் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. போனஸ் வரும்போது ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே 20 ஆண்டு 17-க்குள் முடியும். காப்பீடு ஒன்றைக் கடனோடு சேர்த்துக் கட்டித் தருவார்கள், அந்தப் பிரீமியத்துக்கும் 20 ஆண்டு வட்டி. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இருவர் பெயரிலும் தனியாக டேர்ம் காப்பீடு, அதாவது இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு, எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமனார் சொன்ன நகை: அடகு வைக்காதீர்கள். வீட்டுத் தவணை ஒருபுறம், நகை வட்டி ஒருபுறம் என்று ஆரம்பித்தவர்கள் மூன்றாவது மாதம் எங்களிடம் தனிநபர் கடன் கேட்டு வருவார்கள். தேவையென்றால் பாதியை விற்றுவிடுங்கள்.

லாரித் தண்ணீர்:

நகையை விற்கச் சொல்கிறாரே, ஐயா வீட்டில் பெண்கள் யாரும் இதைப் படிப்பதில்லை போலும்!

எங்கள் அடுக்ககத்தில் நான் பொருளாளர், 24 வீடுகள். சகோதரி வாங்கப்போவதும் ஏறக்குறைய எங்கள் கட்டடத்தின் வயதுதான், அதனால் சொல்கிறேன். பராமரிப்புக்கு மாதம் 2,500. கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றினால் லாரிக்குத் தனி. சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை, முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. இவையெல்லாம் சில்லறை. போன ஆண்டு மொட்டை மாடி ஒழுகி, தளம் புதுப்பிக்க வீட்டுக்கு 18,000 வீதம் போட்டோம். இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் தரவில்லை, பார்த்தால் "நாளைக்கு" என்கிறார்கள். இந்த ஆண்டு லிஃப்ட் செலவு இழுக்கிறது.

போய்ப் பார்க்கும்போது வீட்டுக்குள் டைல்ஸ் பார்க்காதீர்கள். சங்கக் கணக்கு நோட்டைக் கேளுங்கள். இருப்பு எவ்வளவு, யார் யார் பாக்கி, விற்பவரே பாக்கியா. பாக்கி வைத்துவிட்டுப் போனால் நாங்கள் புதிதாக வருகிறவரிடம்தான் கேட்போம், வேறு யாரிடம் கேட்பது?

சேலையூர் வாடகைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. காசாளர் ஐயாவின் கணக்கைக் கணவர் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். மாமனார் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

உரிமையாளரிடம் முழுத் தொகையும் பத்திரத்தில்தான் என்று சொல்லிவிட்டோம். முதலில் "அப்படியானால் 54" என்றார். 20,000 ரொக்க விஷயத்தைக் கணவர் எடுத்ததும் 52-க்கே இறங்கிவிட்டார். எங்களுக்கு இன்னும் 4 லட்சமாவது வேண்டும். சீட்டு ஒன்று ஐந்து மாதத்தில் முடிகிறது, அதில் 3 வரும். மீதிக்கு நான்கு சவரன் விற்பது என்று நானே முடிவு செய்திருக்கிறேன். லாரித் தண்ணீர் அண்ணன் மன்னிக்கவும், அது என் அம்மா போட்ட நகை இல்லை, எனக்குப் பிடிக்காத நெக்லஸ்.

சங்கத்தில் கேட்டதில் உரிமையாளர் ஏழு மாதப் பராமரிப்புப் பாக்கி, 15,400. அதை விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லியாயிற்று. ஒரு சந்தேகம் மட்டும். வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தேன். 2016-இல் ஒரு வங்கியில் ஆவணங்களை ஒப்படைத்து அடமானம் வைத்த பதிவு இருக்கிறது, அதை விடுவித்த பதிவு இல்லை. கடன் எப்போதோ முடிந்துவிட்டது, தாள் எங்கோ இருக்கிறது என்கிறார். நம்பலாமா?

ஓய்வுபெற்ற காசாளர்:

கடன் முடிந்திருக்கலாம். ஆனால் கடன் தீர்ந்தது என்று வங்கி ரசீது ஆவணம் எழுதிக்கொடுத்து, அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானால்தான் வில்லங்கத்தில் விடுவிப்பு என்று வரும். பலர் கடைசித் தவணையோடு இதை மறந்துவிடுகிறார்கள். அவரை அந்த வங்கிக்குப் போகச் சொல்லுங்கள். மூலப் பத்திரங்கள் அவர் கையில் இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள், நகல் போதாது. ரசீது பதிவாகி, புதிய வில்லங்கச் சான்றிதழில் அது தெரியும் வரை முன்பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் சீட்டு முடிய ஐந்து மாதம் இருக்கிறதே, அவரும் அதற்குள் அலைந்து முடிக்கட்டும்.